ஒழுகும் இடம்

பிப்ரவரி 3
கயாக் படகை இரண்டு ஸ்டூல்மேல் கவிழ்த்து வைத்தாயிற்று. ஒரு முனையை அக்கா பிடித்தாள், மறுமுனையை நான் இடது கையால். தோளைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4
அடிப்பாகத்தில் ஒரு சாண் நீளக் கீறல். நகத்தை ஓட்டினால் மாட்டிக்கொள்கிறது, மேல்பூச்சோடு நிற்கவில்லை. நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கிறது. கீறலுக்கு இரண்டு விரல் தள்ளிச் சத்தம் செத்துப்போகிறது. உள்ளே ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. பென்சிலால் சுற்றி வட்டம் போட்டேன்.

அன்றைக்கு ஏறிய தண்ணீர் இந்த வழியாகத்தானா?

பிப்ரவரி 5
மழை. இந்த ஈரத்தில் எபாக்சிப் பசையைத் தொடப்போவதில்லை.

பிப்ரவரி 7
காலை முழுக்க 80 நம்பர் உப்புத்தாள். பிரிந்த அடுக்கை எல்லாம் எடுத்துவிட்டு, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனம் 2 மி.மீ. என்றால் சரிவு 24 மி.மீ. அகலம், பன்னிரண்டு மடங்கு. செங்குத்தாக விட்டால் ஒட்டு அந்த விளிம்பிலேயே பிட்டுக்கொண்டு வரும். இடது கைக்கு இந்த வேலை பழக்கமில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினேன். ஃபைபர் தூசி முகமூடியையும் மீறித் தொண்டையில் அரிக்கிறது.

என்னிடம் இருக்கும் எபாக்சிக்கு இரண்டு பங்கு ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு பங்கு. கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பவர்கள் உண்டு. இறுகாது. மிஞ்சிய ஹார்டனர் சேர ஜோடியில்லாமல் உள்ளேயே தங்கி, ஒட்டு பிசுபிசுவென்று நின்றுவிடும். மூன்று முறை அளந்தேன். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டேன், குவளையிலேயே விட்டால் தன் சூட்டிலேயே புகைந்துவிடும். ஃபைபர் துணி மூன்று துண்டு, ஒன்றைவிட ஒன்று சிறியது. வெள்ளைத் துணி ரெசினைக் குடித்துக் கண்ணாடிபோல் ஆகும் நொடியை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. வெள்ளையாக நின்ற ஒரு புள்ளியைத் தூரிகையால் குத்திக்குத்திக் காற்றை வெளியேற்றினேன்.

ராத்திரி தோள் வலி.

பிப்ரவரி 8
இறுகியிருக்கிறது. மேலே மெழுகுபோல் ஒரு வழவழப்பு. தண்ணீரால்தான் போகும். கழுவாமல் தேய்த்தால் அதையே உள்ளே திணித்த மாதிரி. கழுவினேன், துடைத்தேன், மறுபடியும் கழுவினேன்.

பிப்ரவரி 9
தூங்கவில்லை. காலடியில் தண்ணீர் எப்போது சேர ஆரம்பித்தது? குளிர்ந்தது ஞாபகம் இருக்கிறது. வலது பாதம் முதலில்.

பிப்ரவரி 10
வலது பாதம்.

கயாக்கை நிமிர்த்தி, வெளியே சாக்பீஸ் தூளைத் தேய்த்து, உள்ளே 15 லிட்டர் ஊற்றினேன். ஒட்டுப் போட்ட இடம் காய்ந்தே இருந்தது. அரை மணி நேரம் அப்படியே. அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு வலது பக்கம் சாய்க்கச் சொன்னேன். உள்ளே பாதம் ஊன்றும் மிதியின் முன் போல்ட்டைச் சுற்றித் தூள் சாம்பல் நிறமானது. கடுகளவு. பிறகு ஒரு கோடு. பிறகு சொட்டு.

இத்தனை நாளும் கீறலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சாய்த்துப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். "இதுதானா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல நேரமாயிற்று.

பிப்ரவரி 11
போல்ட்டைக் கழற்றினேன். பழைய வாஷர் பிஸ்கட்போல் உதிர்ந்தது. ஓட்டை அடைக்கும் சிலிகான் கையிலேயே இருக்கிறது, இருந்தும் வைக்கவில்லை. அதன் பிசுக்கு ஒருமுறை படிந்தால் பின்னால் அந்த இடத்தில் ரெசினும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. பிசின்போல் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் டேப்பை உருட்டிப் போல்ட் கழுத்தில் சுற்றி, புது வாஷர் போட்டு முடுக்கினேன். பிதுங்கியதை விரலால் கிள்ளி எடுத்தேன். மற்ற மூன்று போல்ட்டுக்கும் அதேதான்.

பிப்ரவரி 12
சும்மா இருந்தேன்.

பிப்ரவரி 13
லைஃப் ஜாக்கெட். அன்றைக்குப் போட்டிருந்தது. பக்கவாட்டில் தையல் விட்டிருக்கிறது. ஊசியைக் கோத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். நாமாகத் தைத்த ஜாக்கெட்டை எதை நம்பிப் போட்டுக்கொள்வது?

முதலில் மிதக்கிறதா பார்க்கலாம் என்று தோன்றியது. ஜாக்கெட்டின் லேபிளில் 50 நியூட்டன் என்று இருக்கிறது, அதாவது தண்ணீரில் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தூக்க வேண்டும். 6 கிலோ இரும்பு தண்ணீருக்குள் ஏறக்குறைய 5.2 கிலோதான். கட்டித் தொட்டிக்குள் விட்டேன். கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு அவசரமில்லாமல், தோள்பட்டை முதலில், கீழே போனது.

ஜாக்கெட்டை வெட்டிப் போட்டேன், வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. ஃபோம் விரலால் அழுத்திய இடத்தில் குழியாகவே நிற்கிறது. இத்தனை வருடம் கயாக்கில் இதைத்தான் மடித்துப்போட்டு மேலே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 14
கையை மேலே தூக்கச் சொன்னார்கள். காது வரை வந்தது.

பிப்ரவரி 15
அக்காவிடம் சொன்னேன். அவள் அழுதாள்.

மறுபடி 15 லிட்டர். வலது பக்கம் சாய்த்து முட்டுக்கொடுத்திருக்கிறேன், ராத்திரி முழுக்க இப்படியே இருக்கட்டும். இப்போது மணி 9. தூள் வெள்ளையாகத்தான் இருக்கிறது. 10 மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.