காணியைக் கேட்கவில்லை, நடக்கக் கேட்டோம்

சீனன்குடாப் பக்கத்தில் எங்கள் ஊரின் பின்புறம் ஒரு பழைய சரக்குப் பாதை கிடக்கிறது. திருகோணமலைக்கு வரும் பெரிய ரெயில் பாதையிலிருந்து பிரிந்து வந்து பற்றைக்குள் மறைந்துவிடும். அதில் வண்டி ஓடியதைக் கண்டவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அந்தப் பாதையை ஊர்ச்சனம் நடக்கிற இடமாக்க அனுமதி எடுத்தோம். எடுத்த விதத்தை எழுதி வைத்தால் இன்னொரு ஊருக்கு உதவும்.

காணி யாருடையது என்பதிலேயே இழுபறி தொடங்கியது. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. வாயால் கேட்பதை விட்டுவிட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டோம். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது. எங்களுக்கு வரைபடப் பிரதி கிடைத்தது. ரெயில்வே ஒதுக்குக் காணியின் எல்லை அதில் தெளிவாக இருந்தது. அந்தத் தாள் கையில் இருந்ததால் பிறகு எவரும் எங்களை அலைக்கழிக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் பலர், தண்டவாளத்தைக் கழற்றிக் காணியை ஊருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்போம் என்றார்கள். ரெயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் மறுத்துவிட்டார். “பிள்ளை, காணியக் கேட்டா ஒருத்தரும் தரமாட்டாங்க. நடக்க விடுங்கோ எண்டு கேளுங்கோ” என்றார். ரெயில் பாதை ஒருமுறை துண்டுபட்டு, இங்கே ஒரு வீடு அங்கே ஒரு மதில் என்று வந்துவிட்டால் திரும்ப ஒட்டவே முடியாது. அதிகாரிகளின் பயம் அதுதான் என்றார். நியாயமான பயம். அமெரிக்காவில் 1983இல் வந்த சட்டத்திருத்தம் இதற்குத்தான் வழி செய்தது: ஓடாத பாதையில் மக்கள் நடக்கலாம், ரெயிலுக்குத் தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம். சிங்கப்பூரில் 2011இல் மலாயா ரெயில் நின்றதும் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் பாதையைத் துண்டாடாமல் பசுமை வழியாக வைத்திருக்கிறார்கள். அந்த ரெயில்வேயில் யாழ்ப்பாணத்துக்காரர் எத்தனையோ பேர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர்கள் என்று ஐயா சொன்னபோதுதான் கூட்டம் காது கொடுத்தது.

ஆகவே எங்கள் கடிதம் சிறியதாகப் போனது. தண்டவாளத்தைத் தொடமாட்டோம், நிரந்தரக் கட்டடம் கட்டமாட்டோம், கேட்டால் விட்டுவிடுவோம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். கோயில் சபையும் பள்ளிவாசலும் பக்கத்துச் சிங்களக் குடும்பங்களும் கையெழுத்து வைத்தார்கள். பெரிய பாதையோடு சேரும் இடத்தில் வேலி அடைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்து அதிகாரிகள் அனுமதி தந்தார்கள். அங்கே இன்றும் ரெயில் ஓடுகிறது. பிள்ளைகள் தவறி அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. அதனால் முதல் வேலையே வேலிதான்.

நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர், ஐந்தரை அடி. அந்த இடைவெளியில் கிரவல் போட்டு மட்டம் செய்தால் இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம், சக்கர நாற்காலியும் போகும். தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளில் உக்கியவற்றைக் கொண்டு பிள்ளைகளுக்கு வாங்கு செய்யலாம் என்றொரு யோசனை வந்தது. வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். பழைய கட்டைகளுக்கு, மரம் உக்காமலிருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றுவது வழக்கம். அது தோலுக்குக் கெடுதி, வெயிலில் கசியும். மாரிக்கு முன் சிரமதானம் வைத்து அடைபட்ட மதகுகளைத் தோண்டினோம். கரை உயரமாக இருப்பதால், மதகு அடைத்தால் தண்ணீர் வீடுகளுக்குள்தான் போகும். எங்கள் வேலைகளில் இதைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன்.

இப்போது காலையில் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். அனுமதியை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். மதகுக்கு அப்பாலுள்ள துண்டுக்கும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அங்கே இரண்டு வீட்டுக்காரரின் வேலி ஒதுக்குக் காணிக்குள் வந்திருக்கிறது. அவர்களை எழுப்பச் சொல்லி நாங்கள் கேட்கமாட்டோம். அந்த இடத்தில் நடைபாதையை ஒடுக்கி வரைந்து கொடுத்திருக்கிறோம்.