கச்சான் காத்தும் மாமாவின்ட பரலும்

யாழ்ப்பாணத்தில இருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானையால பஸ்ஸில திருகோணமலைக்குப் போய் இறங்கேக்க இடுப்பு கழண்டு போச்சு, அதை விடுங்கோ. வெள்ளிக்கிழமை எண்டபடியா மாமா வீட்டில மச்சம் இல்லை. பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போனம், பிரெட்ரிக் கோட்டை வாசலால உள்ளுக்குப் போக மானெல்லாம் ஆக்களுக்குப் பயப்பிடாம குறுக்கால நடக்குது, சம்பந்தர் பாடின தலத்துக்குப் போற வழியில எனக்கு யோசினை முழுக்க நாளைக்குப் போடப்போற இறைச்சியிலதான், கோணேசர் மன்னிக்கோணும்.

மாமா உப்புவெளி வீட்டுப் பின்வளவில ஒரு இரும்புப் பரலை நல்லா எரிச்சு பெயின்ட் எல்லாம் போக்கிட்டு, கீழ ரெண்டு ஓட்டை, மூடியில ஒரு ஓட்டை, எல்லாத்துக்கும் தள்ளி மூடுற தகரம் எண்டு, இறைச்சியைப் புகையிலயும் மெல்லிய சூட்டிலயும் ஆறுதலா வேக வைக்கிற ஸ்மோக்கர் ஒண்டு செய்து வச்சிருக்கிறார். சனிக்கிழமை காலமை 7 மணிக்கு 3 கிலோ பண்டித் தோள் உள்ள போனது. பத்த வைக்காத கரியைக் கீழ குவிச்சு, நல்லாச் சிவந்த கரி ஒரு சிரட்டையளவு மேல கொட்டினார், அது தன்ரபாட்டில கீழ இறங்கி எரியுமாம். சிரட்டைக்கரி மட்டும் போட்டா மெல்லிசு, கெதியாப் பிடிச்சு கெதியா முடிஞ்சிடும் எண்டு விறகுக்கரியும் கலந்தவர். வாசத்துக்குக் காய்ஞ்ச கொய்யாக்கட்டை ரெண்டு.

"மருமோன், நான் சந்தைக்குப் போட்டு வாறன், சூடு 110க்கும் 120 டிகிரி செல்சியசுக்கும் நடுவில நிக்கட்டும், மூடியைத் திறக்காத."

நான் திறந்தன். மூண்டு தரம். 10 மணி போல கச்சான் காத்து வேற எழும்பிட்டுது, வைகாசி ஆனியில திருகோணமலைக்கு வந்தாக்களுக்கு அந்தச் சூட்டுக் காத்து தெரியும். அது நேர கீழ் ஓட்டைக்குள்ள அடிக்குது, கொல்லன் துருத்தி ஊதின மாதிரி. கொஞ்ச நேரத்தில சூடு காட்டுற முள் 180ல நிக்குது. நான் பயத்தில கரியைக் கிண்டி வெளியில எடுக்க வெளிக்கிட்டு, பிறகு மேல் ஓட்டையை இறுக்கி மூடினன், உடனே வெள்ளைப் புகை கட்டிக்கொண்டு, நுளம்புக்குப் பொச்சு போட்ட கணக்கு.

மாமா வந்து பேசேல்ல, அதுதான் இன்னும் வெக்கம். மேல் ஓட்டையை முழுசாத் திறந்தார், காத்துப் பக்கத்து கீழ் ஓட்டையை அடைச்சார், மற்றதை ஒரு விரலளவு விட்டார். "சூட்டைக் குறைக்கிறதெண்டா கீழ் வாசலைச் சாத்து. மேல சாத்தினா புகை உள்ளயே நிண்டு இறைச்சி கச்சுப் போகும்." அரை மணித்தியாலம் போக முள் இறங்கி 120, புகையும் கண்ணுக்குத் தெரியுதோ இல்லையோ எண்ட மாதிரி மெல்லிய நீலம். ரெண்டு பக்கமும் ஏன் ஒரே சூடு இல்லை எண்டு கேட்டன். "கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் ஒரே சூடோ? அப்பிடித்தான் இதுவும்" எண்டு சொல்லி இறைச்சியைத் திருப்பி வச்சார்.

மத்தியானம் 1 மணிக்கு இறைச்சிக்குள்ள குத்தின தேர்மோமீட்டர் 70ல நிண்டிட்டுது. ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம், அசையேல்ல. கரி போடுவமோ எண்டு நான் துடிக்கிறன், அவர் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார். இறைச்சி வேர்க்குதாம், அந்த ஈரம் ஆவியாப் போற குளிர்தான் சூட்டை ஏற விடாம வச்சிருக்கு, எங்களுக்கு வேர்வையில காத்துப் பட்டா குளிருற மாதிரியே. கடைசியில வாழையிலையில சுத்தி, அதுக்கு மேல ஃபொயில் சுத்தினார், அதுக்குப் பிறகு ஏறத் தொடங்கினது. 5 மணி தாண்டி 94. இன்னும் ஒரு மணித்தியாலம் தொடாம மூடி வச்சு, பிறகு முள்ளுக்கரண்டியால இழுக்க எலும்பு தனியாக் கழண்டு வந்திட்டுது.

ரோஸ் பாணும் கட்டச்சம்பலும். வேற ஒண்டும் வேண்டாம். வெளித்தோல் ஒரு மூலையில லேசாக் கச்சது, அது என்ரை 10 மணிக் கைவேலை.

இரவு மாமா மேலயும் கீழயும் எல்லா ஓட்டையும் அடைச்சிட்டுப் படுத்தார். விடிய மூடியைத் திறந்தா காத்தில்லாம அணைஞ்ச கரி கால்வாசி அப்பிடியே கிடக்கு, மாமி அதை மீன் சுட எண்டு வாளியில அள்ளிக்கொண்டு போட்டா.