சித்திரையில் காரைக்குடி: வேப்பம்பூவும் பழங்காகிதமும்

காரைக்குடிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு எல்லோரும் மார்கழியையும் தையையும்தான் பரிந்துரைப்பார்கள். வெயில் தணிந்திருக்கும், பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க உடம்பும் ஒத்துழைக்கும். நான் சித்திரை முதல் வாரத்தில் போவதையே விரும்புகிறேன். பழைய லேபிள்கள், கடிதங்கள், அழைப்பிதழ்கள், நாட்காட்டிப் படங்கள் என்று காகிதம் சேர்ப்பவனுக்கு அதுவே தோதான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை இழுத்துக்கொண்ட பழங்காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது பிரித்தால் படத்தின் மேல்தோல் உரிந்து அடுத்த தாளோடு போய்விடும். பங்குனி வெயில் அந்த ஈரத்தை வாங்கிய பிறகுதான் கட்டுகளை அச்சமின்றி அவிழ்க்க முடிகிறது. அதே வாரங்களில்தான் வேம்பு பூக்கிறது, மாங்காய் புளிப்பேறுகிறது, பனையில் பதநீர் இறங்குகிறது. கத்திரி வெயில் தொடங்க இன்னும் சில நாட்கள் இருக்கும் என்பதால், விடிந்ததிலிருந்து பத்து மணி வரையிலும் மாலை ஐந்துக்குப் பிறகும் தெருக்களில் நிம்மதியாக நடக்கலாம். நடுப்பகல் சாப்பாட்டுக்கும் காகிதங்களைப் பரப்பிவைத்துப் பார்ப்பதற்கும் உரியது.

சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் இரவு வந்து இறங்கினேன். விடியற்காலையில் வெளியே வந்தபோது தெருமுனை வேப்பமரத்தின் அடியில் ஒரு பெண்மணி பழைய வேட்டியை விரித்து, உதிர்ந்திருந்த பூவைக் குச்சியும் பழுப்பிலையும் நீக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். புங்க மரங்கள் பளபளக்கும் புதுத்தளிரோடு நின்றன. சரக்கொன்றை சில இடங்களில் மஞ்சள் சரம் விடத் தொடங்கியிருந்தது. மாடிகளில் வெள்ளைத் துணி விரித்துக் கூழ்வடகம் பிழிந்திருந்தார்கள். ஓர் ஊரின் இளவேனிலைக் காண இவ்வளவு போதும் எனக்கு. பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய காட்சி எதுவும் இதற்கு ஈடாகாது என்று மனமார நினைக்கிறேன்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கின்றன. பர்மா தேக்கில் கடைந்த தூண், நிலைக்கதவு, எனாமல் பாத்திரம், பித்தளைக் குத்துவிளக்கு, ஐரோப்பியக் கண்ணாடி விளக்கு என்று கண்ணைப் பறிக்கும் பொருள்கள் முன்னால் இருக்கும். காகிதத்தைத் தேடுகிறவன் இவற்றையெல்லாம் கடந்து, கடையின் பின்பகுதியில் தகரப் பெட்டிகளும் சாக்குகளும் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். வீடு பிரிக்கும்போது மரத்துக்கும் பித்தளைக்கும் விலை பேசி வாங்கிய வியாபாரி, பெட்டிக்குள் கிடந்த காகிதத்தைத் தூக்கி எறிய மனமில்லாமல் அப்படியே கொண்டுவந்து வைத்திருப்பார். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் ஒரு பாயை விரித்து, மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு, "நிதானமாப் பாருங்க, அவசரப்பட்டா கிழிஞ்சிரும்" என்றார். காகிதம் பார்ப்பவனுக்கு அதைவிடப் பெரிய உபசாரம் கிடையாது.

முதலில் அகப்பட்டது துணிக்கட்டில் ஒட்டும் லேபிள்களின் ஒரு சிறு அடுக்கு. மான்செஸ்டர் ஆலைகளில் நெய்த துணியை இந்தியாவுக்கு அனுப்பிய வெள்ளைக்கார வணிக நிறுவனங்கள் ஒவ்வொரு துணிக்கட்டின் மேலும் வண்ணப்படம் ஒன்றை ஒட்டின. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் 'யானை மார்க்', 'மயில் மார்க்' என்று அடையாளம் சொல்லிக் கேட்டு வாங்குவதற்கான ஏற்பாடு அது. வாங்கும் மக்களுக்கு உகந்தது என்று இந்தியத் தெய்வங்களையே இங்கிலாந்தில் வரைந்து அச்சிட்டார்கள். அடுக்கிலிருந்த கிருஷ்ணன் படத்தில் குழலும் மயிற்பீலியும் சரியாக இருந்தன. பின்னால் இருந்த மரங்கள் மட்டும் நம் ஊரில் எங்கும் காணாதவை. ஓவியர் எந்தத் தோட்டத்தை நினைத்துக்கொண்டு அவற்றை வரைந்தாரோ என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தகைய படங்களை வாங்கும் முன் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் இருக்கக் கூடாது. இவற்றை அடித்த கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை வேண்டும். அந்தக் கல்லின் மேல் கைவினைஞர் கையாலேயே புள்ளிகளை இட்டு நிழலையும் ஒளியையும் உண்டாக்குவார். ஆகவே கண்ணாடியின் அடியில் அந்தப் புள்ளிகள் சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கில்லாமல் தெரியும். பிற்காலத்து ஆஃப்செட் அச்சிலும் இப்போது ஏராளமாக விற்கப்படும் போலிகளிலும் ஒரே சீரான புள்ளிகள் சிறு வட்டங்களாக அணிவகுத்திருக்கும். 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்துப் படங்கள் என்று சொல்லி விற்கப்படுபவற்றை இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலும் தரம் பிரித்துவிடலாம். காகிதத்தைப் பழுப்பாக்குவது எளிது. தேநீரில் நனைத்து வெயிலில் உலர்த்தினாலே போதும். புள்ளிகளை அப்படி ஏமாற்ற முடியாது.

அடுத்த சாக்கில் தீப்பெட்டி லேபிள்கள் இருந்தன. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டிகள் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய பிறகு அந்த நிலை மாறத் தொடங்கியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்ற தேவையே அவ்வூரில் அச்சுத் தொழிலையும் வளர்த்தது. லேபிளில் ஆண்டு இருக்காது. காலத்தை ஊகிக்க வேறு தடயங்களைப் பிடிக்க வேண்டும். அணாவில் விலை இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, நயா பைசா என்றால் அதற்கு அடுத்த சில ஆண்டுகள், முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. நான் எடுத்துக்கொண்ட லேபிள்களில் ஒன்றில் குலைதள்ளிய வாழை மரமும் இன்னொன்றில் ஒரு மாம்பழமும் இருந்தன. பருவம் என் தேர்விலும் புகுந்துவிட்டது போலும்.

பகல் சாப்பாட்டுக்கு, வீட்டிலேயே சமைத்துப் பரிமாறும் ஓர் ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். பலாக்கொட்டையும் மாங்காயும் போட்ட மண்டி, வேப்பம்பூப் பச்சடி, கீரை மசியல், சுட்ட அப்பளம். மண்டி என்பது அரிசி களைந்த தண்ணீரான களனியில் கொதிக்கவைக்கும் குழம்பு. தேங்காய் அரைத்து விடுவதில்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகாயும் பெருங்காயமுமே அதன் பலம். களனி கொடுக்கும் இலேசான கெட்டிப்பில் மாங்காயின் புளிப்பு மெல்லக் கரைந்து, வேகவைத்த பலாக்கொட்டையின் மாவுத்தன்மையோடு சேரும்போது உண்டாகும் சுவையை ஆடி மாதத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பெற முடியாது. "சித்திரை மாங்காய்க்கு நான் புளியே கரைக்கிறதில்ல தம்பி. வைகாசி பிறந்துட்டா மாங்காயில இனிப்பு எறங்கிரும், அப்புறம் மண்டி மண்டியா இருக்காது" என்றார் ஆச்சி. பலாக்கொட்டை ஆலங்குடிப் பக்கத்துப் பழத்தினுடையது என்றும், சுளையைப் பேரப்பிள்ளைகள் முதல்நாளே தீர்த்துவிட்டார்கள் என்றும் சொன்னார். பச்சடியில் வெல்லம் தூக்கலாக இருந்தது. நெய்யில் வறுத்த பூவின் கசப்பு கடைசியாக வந்து நாக்கில் நின்றது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பின் அதே வீட்டின் முற்றத்து நிழலில் அமர்ந்து, காலையில் வாங்கிய கடிதக் கட்டைப் பிரித்தேன். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான். தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் 'சிவமயம்', அதற்கும் கீழே எழுத்துகளை மட்டுமே கோத்த கடையின் விலாசம். பாட்டன், தகப்பன், மகன் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்து வணிகப் பெயராக்குவது இந்த வட்டாரத்து வணிகச் சமூகமான நகரத்தாரின் மரபு. தேதியில் ஆங்கில ஆண்டு கிடையாது. வருஷம், மாதம், நாள் ஆகியவற்றுக்கான ௵, ௴, ௳ என்ற குறிகளோடு தமிழ் எண்களில் எழுதியிருக்கும். கட்டுக்குள் இருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் தாது வருஷம் சித்திரை மாதம் என்று இருந்தது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது 1876இல் வரும், 1936இல் வரும், 1996இல் வரும். முதலாவது பெரும் பஞ்சத்தின் ஆண்டு. இந்தப் பத்திரிகையின் எழுத்துருவும் காகிதமும் நடுவில் உள்ள 1936ஐயே காட்டின. அதே கட்டுக்குள் இருந்த ரங்கூன் உறையும் அதற்குத் துணை நின்றது. உறையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த இந்தியத் தபால்தலை ஒட்டப்பட்டிருந்தது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்ட பிறகு அனுப்பியதாக இருந்தால், அந்தத் தலையின் மேல் பர்மா என்ற எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும்.

அந்த உறையிலிருந்த கடிதத்தில் வட்டிக்கணக்கு, நெல் விலை, ஊருக்கு வர இருக்கும் கப்பல் நாள் எல்லாம் வந்த பிறகு, கடைசி வரியில் வீட்டு மாவடுவில் ஒரு சாடி, வருகிற ஆள் வசம் கொடுத்தனுப்பும்படி கேட்டிருந்தார் எழுதியவர். இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்த ரங்கூன் முகல் தெருவில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் பங்குனி மாவடுவுக்கு ஏங்கியிருக்கிறார். இந்த வட்டாரத்து மாளிகைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், பார்த்தும் இருக்கிறேன். அவற்றில் வாழ்ந்தவர்களை எனக்கு நெருக்கமாக்கியது இத்தகைய ஒரு வரிதான். தூணுக்கும் கண்ணாடிக்கும் விலை தருகிறவர்கள் காகிதத்தைப் புறக்கணிப்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், ஓரங்களில் தடவிய மஞ்சள் வெளுத்துப்போன நிலையில். கருமாதிப் பத்திரிகைகள் அரிது. துக்கச் செய்தி வந்த காகிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடுவார்கள், வீட்டுக்குள் வைப்பதில்லை. அதனால் ஒரு குடும்பத்தின் பெட்டியிலிருந்து வரும் காகிதங்களை மட்டும் பார்த்தால் அங்கே திருமணங்களே நடந்தன, மரணமே நேரவில்லை என்று தோன்றும்.

மறுநாள் விடிந்ததும் கோட்டையூர்ச் சாலையில் நடந்தேன். பனையேறி ஒருவர் கலயத்தை இறக்கிக்கொண்டிருந்தார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால்தான் பாளையிலிருந்து வடியும் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். பனையோலைப் பட்டையைக் குடுவைபோல் மடித்து ஊற்றித் தந்தார். ஓலையின் பச்சை வாசமும் சேர்ந்தால்தான் பதநீர் முழுமை பெறுகிறது. நுங்கும் வெட்டிக் கொடுத்தார். விரலால் அழுத்தினால் நீர் தெறிக்கும் இளநுங்காகப் பார்த்துக் கேட்க வேண்டும். கொஞ்சம் முற்றினாலும் வயிறு தாங்காது.

காகிதம் சேர்க்கிறவர்களுக்குக் கோட்டையூர் வணங்கத்தக்க ஊர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா 1950ஆம் ஆண்டிலிருந்து தமிழ் நூல்களையும் இதழ்களையும் இங்கேதான் திரட்டினார். அவற்றோடு நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியவற்றுக்கும் இடம் கொடுத்த அந்த மனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது நாட்டை விட்டுப் போகாமல் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தது. தரமணியில் உள்ள அந்த நூலகத்தைப் பார்த்த பிறகு காரைக்குடிக்கு வந்தால், கடைப் பாயில் கிடக்கும் நோட்டீசுத் துண்டையும் மரியாதையோடு கையில் எடுப்பீர்கள்.

வாங்கியதை ஊருக்குக் கொண்டுபோவதில் சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். கடினமான இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுவேன். கிழிசலுக்கு ஒட்டுநாடா போட மாட்டேன், ஏனென்றால் அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாக ஊறிவிடும். லேமினேஷன் செய்வதை நினைத்தும் பார்ப்பதில்லை. இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டியில் போடுவேன், காகிதத்தில் படாமல். இசைகுடிமானம் போன்ற திருமண ஒப்பந்தங்களையும், இன்றும் உறவினர் இருக்கக்கூடிய குடும்பத்தின் சொந்தக் கணக்கேடுகளையும் வாங்குவதில்லை. கடைக்காரர் அனுமதித்தால் படம் எடுத்துக்கொண்டு, அந்த வீட்டாரைத் தேடித் தரும்படி கேட்டுக்கொள்வேன். வெளிநாட்டில் வாழும் நண்பர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுகளைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களும் தொல்பொருள்களாகக் கருதப்படுகின்றன. அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

இம்முறை தேடிக் கிடைக்காதது கோவில்பட்டி கொண்டையராஜுவின் பழைய நாட்காட்டிப் படம். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிவந்தவர் அவர். கோவில்பட்டியில் தங்கிவிட்ட பிறகு அவரும் மாணவர்களும் வரைந்த முருகனும் இலக்குமியும் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் சேர்ந்தார்கள். தேதித் தாள்கள் தீர்ந்ததும் படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டுப் பூசையறையில் மாட்டிவிடுவார்கள். அதனால் அவை கடைக்கு வருவது குறைவு, வந்தாலும் சாம்பிராணிப் புகையேறி இருக்கும். அவற்றைத் தேட ஆடி மாதத்தில் சிவகாசிக்குப் போவதாக இருக்கிறேன். அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பங்களை அச்சகங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியிடும் வழக்கம் அங்கே உண்டு. புதிய ஆல்பம் வந்ததும் பழைய மாதிரிகள் வெளியே வரும் என்று கடைக்காரர் சொன்னார்.