ஏ-6 இன்ட்ரூடர்: இருட்டுக்கும் மழைக்கும் பிறந்த விமானம்

போர் விமானங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேகத்திலும் அழகிலுமே தொடங்கும்; இவ்விரண்டிலும் ஏ-6 இன்ட்ரூடர் தேறாது. முன்புறம் பருத்து வாலை நோக்கி மெலியும் அதன் உடல் தலைப்பிரட்டையை நினைவூட்டும். ஒலியின் வேகத்தை மிஞ்சுவது அதன் நோக்கமாகவே இருந்ததில்லை. ஆயினும், விமானந்தாங்கிக் கப்பலின் தாக்குதல் விமானம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரேனும் கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கொரியப் போரில் இரவும் மேகமூட்டமும் எதிரிக்குப் போர்வையாக அமைந்ததைக் கண்ட அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும், எந்த வானிலையிலும் தாழப் பறந்து இலக்கைத் தாக்கும் விமானம் வேண்டும் என்று முடிவு செய்தன. கிரம்மன் நிறுவனம் உருவாக்கிய இன்ட்ரூடர் 1960 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்து, 1963இல் பணியில் சேர்ந்தது.

அதன் உயிர்நாடி விமானி அறையில் இருந்தது. விமானியும் குண்டுவீச்சு வழிகாட்டியும் ஒருவர் பின் ஒருவராக அல்லாமல் அருகருகே அமர்ந்தனர். விமானியின் வலப்புறப் பார்வை மறையாதிருக்க, வழிகாட்டியின் இருக்கை சற்றுத் தாழ்வாகவும் பின்தள்ளியும் பொருத்தப்பட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே கும்மிருட்டாக இருக்கும் வேளையில், வழிகாட்டி ரேடார் திரையின் மறைப்புக்குள் முகத்தைப் புதைத்துப் பாலத்தையோ கிடங்கையோ தேடிப் பிடிக்க, கணினி கணித்துக் காட்டிய பாதையை விமானி தன் திரையில் பின்பற்றினார். தொடக்ககால மின்னணுக் கருவிகள் அடிக்கடி பழுதாகிப் பராமரிப்பாளர்களை வாட்டி எடுத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னர் வந்த ஏ-6இ வகையில் இரண்டு ரேடார்களின் வேலையை ஒன்றே செய்தது. மூக்கின் கீழே அகச்சிவப்புக் கருவியும் லேசர் குறிகாட்டியும் கொண்ட உருண்டை ஒன்றும் பிறகு சேர்ந்தது.

இரண்டு ஜே52 என்ஜின்களின் பலத்தில் சுமார் 8 டன் ஆயுதங்களை அது சுமந்தது, பீரங்கி கிடையாது. ஆனால் கப்பலில் சுமப்பதைவிடத் திரும்பி இறங்குவதே பெரிய கணக்கு. கப்பல் தளத்தின் நீராவிப் பொறி உந்திப் பறக்கவிடும்போது 26 டன்னுக்கு மேல் எடை கொண்டிருக்கக்கூடிய விமானம், வால்கொக்கியால் தளத்துக் கம்பிவடத்தைப் பிடித்து நிற்கும்போது சுமார் 16 டன்னைத் தாண்டக் கூடாது. ஆகவே வீசாத குண்டுகளோடு திரும்புபவர், எரிபொருளைக் கடலில் கொட்டுவதா குண்டுகளைக் கைவிடுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

வியட்நாமில் மேகத்துக்கு மேலே மற்ற விமானங்களுக்கு வழிகாட்டி, அவை எப்போது குண்டு வீச வேண்டும் என்பதையும் இதுவே சொன்னது. 1988 ஏப்ரல் 18 அன்று பாரசீக வளைகுடாவில், எண்டர்பிரைஸ் கப்பலின் இன்ட்ரூடர்கள் சகந்த் என்ற ஈரானியப் போர்க்கப்பலை மூழ்கடிப்பதில் முதன்மைப் பங்காற்றின. இதே உடலிலிருந்து பிறந்தவை வேறு வேலைகளையும் ஏற்றன: கேஏ-6டி வானிலேயே பிற விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டியது; நான்கு பேர் அமரும் ஈஏ-6பி பிரௌலர் எதிரியின் ரேடார்களைக் குழப்பியது. குண்டுவீச்சைவிட இந்த எரிபொருள் ஊட்டும் பணியே கப்பலுக்கு அன்றாடம் உதவியது என்பது என் எண்ணம். இருட்டில் இறங்கத் தவறி மறுபடி சுற்றிவரும் விமானிக்கு அது உயிர்காக்கும் உதவி.

இன்ட்ரூடருக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்ட ஏ-12 விமானம் 1991 ஜனவரியில் கைவிடப்பட்டது. 1997இல் இன்ட்ரூடரும் ஓய்வுபெற்றது. பின்னாளில் சூப்பர் ஹார்னெட் போர் விமானங்களே தாக்குதலோடு எரிபொருள் ஊட்டும் பணியையும் சுமக்க நேர்ந்தது. அந்தச் சுமையை அவற்றிடமிருந்து இறக்குவதற்காகத்தான் எம்கியூ-25 என்ற ஆளில்லா விமானம் வடிவமைக்கப்பட்டது.