ராப்பரில் மாறிய முகம்: ஒரு லேப் ஜர்னல் அனுபவம்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருடத்தில் மேகஸின் டிசைன் பேப்பருக்கு ஆளுக்கொரு 32 பக்க லேப் ஜர்னல், அதாவது மாணவர் பயிற்சி இதழ், அச்சடித்துக் கொடுக்க வேண்டும். என்னுடையதைக் கொடுத்தாயிற்று, வைவாவும் (வாய்மொழித் தேர்வு) முடிந்துவிட்டது. ஆனால் பிரஸ்ஸில் என் ராப்பருக்கு, அதாவது இதழின் அட்டைக்கு, நடந்தது மட்டும் இன்னும் ஆறவில்லை. அடுத்த வருடம் இதே பேப்பரை எடுப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன், ஃபோட்டோஷாப் பழக்கம் இருக்கிறது, கிரிட் (பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கும் கட்டம்), மாஸ்ட்ஹெட் (அட்டையில் இதழின் பெயர்), ஃபிளாட் பிளான் (எந்தப் பக்கத்தில் எது என்ற வரைபடம்) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் இதழின் கவர் ஸ்டோரி, சென்னை நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் விற்கும் பெண்களைப் பற்றியது. 2024-ல் நவீன மீன் அங்காடி திறந்த பிறகு அவர்களுடைய வியாபாரம் எப்படி மாறியிருக்கிறது என்று விசாரித்து எழுதினேன். பேட்டி, படம், எழுத்து வேலை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

முதல் சண்டை அட்டைப்படத்தில் வந்தது. என்னிடம் அங்கே மீன் விற்கும் ஒரு அக்காவின் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் அந்த அக்கா குனிந்து அருவாமனையில் மீன் நறுக்கிக்கொண்டிருக்கிறார். இன்னொன்றில் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கைடு மேடத்துக்கு முதல் படம்தான் பிடித்தது. "உழைப்பு தெரியுது, அதுதான் எமோஷனல்" என்றார். அதற்கு மேல் "கண்ணீர்க் கரையில்" என்று தலைப்பு வைக்கச் சொன்னார்.

எனக்கு அது ஒப்பவே இல்லை. கிரெஸ், வான் லீவென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் படங்களை இரண்டாகப் பிரித்தது நினைவிருக்கும். படத்தில் இருப்பவர் நம் கண்ணைப் பார்த்தால் அவர் நம்மிடம் ஏதோ கேட்கிறார். பார்க்காவிட்டால் அவர் நாம் பார்ப்பதற்கான பொருளாக மட்டும் நிற்கிறார். வகுப்பில் மனப்பாடம் செய்தபோது இது வெறும் இரண்டு மார்க் பதில். இரண்டு படங்களையும் பிரின்ட் போட்டுச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. குனிந்திருக்கும் படத்தைப் பார்க்கும் யாரும் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். நிமிர்ந்து பார்க்கும் படத்தில் அது முடியாது.

படத்தில் பல அர்த்தங்கள் மிதக்கும், கூட வரும் எழுத்துதான் அதில் ஒன்றைப் பிடித்து நங்கூரம் பாய்ச்சும் என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த் சொன்னதும் இங்கே கைகொடுத்தது. நிமிர்ந்து நிற்கும் படத்துக்கே "கண்ணீர்க் கரையில்" என்று போட்டாலும் அந்தப் பார்வை கெஞ்சலாகிவிடும். சந்தையில் நான் தயங்கித் தயங்கி நின்றபோது அந்த அக்கா என்னிடம் கேட்டதையே தலைப்பாக வைத்தேன்: "வாங்குறியா, வேடிக்கை பாக்குறியா?"

பேச்சுவழக்கு மரியாதையாக இல்லை என்று மேடம் தடுத்தார். வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. பிறகு இரண்டு படம், இரண்டு தலைப்பு என நான்கு டம்மி (மாதிரி) அட்டைகள் செய்து கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு மேடமே என்னுடையதை எடுத்தார். வாயால் வாதாடுவதைவிட டம்மி காட்டுவது மேல். செலவு நான்கு கலர் பிரின்ட்தான்.

அடுத்தது தமிழ் எழுத்து. எங்கள் லேபில் முந்தைய பேட்ச்காரர்கள் விட்டுப்போன டெம்ப்ளேட் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய ஃபான்டில் இருந்தது. நான் யூனிகோடில் அடித்து இன்டிசைனில் போட்டதும் "கொ" என்ற எழுத்தில் கொம்பு தனியாக, கால் தனியாகப் பிரிந்து நின்றது. லேப் அசிஸ்டென்ட் அண்ணனைக் கேட்டால், "தமிழ்னா அப்படித்தான் வரும். பேஜ்மேக்கர்ல பழைய ஃபான்ட்ல பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 32 பக்கத்தையும் மறுபடி அடிப்பதா என்று அழுகையே வந்துவிட்டது. தீர்வு ஒரு மெனுவில் இருந்தது. பாராகிராஃப் பேனலின் மெனுவைத் திறந்து, அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் ஒழுங்காகச் சேரும். அதைப் பாராகிராஃப் ஸ்டைலிலேயே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பெட்டியாக மாற்றிக்கொண்டிருந்தால் எங்காவது ஒன்று விட்டுப்போகும்.

பாடப்புத்தகங்களின் கிரிட் எல்லாம் ஆங்கிலத்துக்கு வரைந்தவை என்பதையும் யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம். ஏ4 பக்கத்தில் மூன்று பத்தி வைத்தால் "விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு" மாதிரி ஒரு சொல்லே வரி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அடுத்த வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே ஓட்டை விழும். நான் இரண்டு பத்திக்கு மாறினேன், ஜஸ்டிஃபை செய்யாமல் இடப்பக்கம் மட்டும் சீராக்கினேன். மேலே ஈகாரச் சுழி, கீழே உகரக் கால் என்று தமிழ் எழுத்து இரண்டு பக்கமும் நீளும். ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளி நமக்குப் போதாது. கேப்பிடல் எழுத்தும் நம்மிடம் இல்லை. சாய்வெழுத்தோ பெரும்பாலும் நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்தது போலத்தான் இருக்கும். ஆகவே எது முக்கியம், எது துணைச்செய்தி என்று காட்ட அளவு, தடிமன், நிறம், சுற்றி விடும் வெற்றிடம், இவைதான் நம் கருவிகள். பழைய தமிழ் வாரப் பத்திரிகைகளில் கதைத் தலைப்புகளை ஓவியர்கள் கையாலேயே எழுதினார்கள். கதையின் மனநிலை எழுத்தின் வளைவிலேயே தெரிந்துவிடும். லைப்ரரியில் பழைய பைண்டு வால்யூம்கள் கிடைத்தால் அவசியம் புரட்டுங்கள். எனக்கு எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் அவைதான் அதிகம் கற்றுக்கொடுத்தன.

இனி பிரஸ். திருவல்லிக்கேணிப் பக்கம், சீனியர்கள் சொன்ன ஒரு பிரஸ்ஸுக்கு ஃபான்டை உள்ளேயே சேர்த்த (எம்பெட் செய்த) பிடிஎஃப்போடு போனேன். ஆபரேட்டர் அண்ணன் அதைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறந்தார். தமிழ் மொத்தமும் கலைந்துவிட்டது. "யூனிகோடு எல்லாம் இங்க வராதும்மா, கர்வ்ஸ் ஆக்கிட்டு வா" என்றார். அதாவது எழுத்துகளை ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்ற வேண்டும். முதல் நாள் போனில் கேட்டபோது "பிடிஎஃப் போதும்" என்று சொன்னவரும் அவர்தான். வெயிலில் அங்கிருந்து திரும்பிக் காலேஜ் வந்தால் லேப் பூட்டியிருந்தது. ஒரு நாள் வீண். நீங்கள் போவதற்கு முன்பே எழுத்தையெல்லாம் இப்படி வடிவங்களாக (அவுட்லைன்) ஆக்கிய பிடிஎஃப் ஒன்றும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஃபைலின் நகலில் மட்டும் செய்யுங்கள். அவுட்லைன் ஆக்கிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது.

மற்றவை சுருக்கமாக. நான்கு பக்கமும் வெட்டும் கோட்டுக்கு வெளியே படம் நீளும்படி 3 மில்லிமீட்டர் பிளீட் விடுங்கள். தாள்களை மடித்து நடுவில் பின் (சென்டர் பின்) அடிப்பதென்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும். மடித்த பிறகு நடுத்தாள்கள் வெளியே துருத்தும், அதை வெட்டும்போது அந்தப் பக்கங்களின் வெளி ஓரம் குறையும், ஆகவே பக்க எண்ணை ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். கட்டுரை எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் அச்சு ஒரு இழை நகர்ந்தாலும் ண, ழ எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு ஜேபெக் வந்தது. பேப்பரில் வேண்டும் என்றேன். "ஃபைல் எப்படியோ அப்படியே வரும், கவலைப்படாத" என்றார். உள்பக்கங்கள் அப்படியே வந்தன, அட்டை வரவில்லை.

பண்டலைப் பிரித்ததும் கண்ணில் பட்டது முகம்தான். அக்காவின் முகமும் கழுத்தும் வெளுத்திருந்தன. கண்ணோரச் சுருக்கங்களைக் காணோம். வஞ்சிரத்தைப் பிடித்திருந்த கை மட்டும் அதன் சொந்த நிறத்தில் இருந்தது. முகம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது போல. ஆபரேட்டர் கொஞ்சமும் தயங்காமல், "மூஞ்சி டார்க்கா இருந்துச்சும்மா, நாந்தான் பிரைட் பண்ணேன். மேட் லேமினேஷன் போட்டா இன்னும் கறுத்துடும்ல" என்றார். உதவி செய்திருப்பதாகவே நம்பினார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மேட் லேமினேஷனில், அதாவது அட்டை மேல் ஒட்டும் பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலத்தில், நிறம் கொஞ்சம் மங்கும் என்பது உண்மைதான். அதற்கு முழுப் படத்துக்கும் ஒரே அளவில் வெளிச்சம் ஏற்றி, லேமினேஷன் போட்ட ஒரு ப்ரூஃப் எடுத்துப் பார்க்க வேண்டும். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வெளுக்கச் செய்வது நிறத் திருத்தமே இல்லை, அது ஒரு தீர்ப்பு.

1994 ஜூன் 27 தேதியிட்ட டைம் இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை அட்டையில் கறுப்பேற்றிப் போட்டது. அதே படத்தை நியூஸ்வீக் அதே வாரம் மாற்றாமல் போட்டது. கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் விஷயம் அப்படி வெடித்தது. விசாரணை தொடங்கும் முன்பே ஒரு கறுப்பின மனிதரை நிறத்தாலேயே குற்றவாளியாக்கிவிட்டார்கள் என்று கண்டனம் எழுந்தது. அதற்கும் முன்னால், 1982 பிப்ரவரி நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டைக்காக கீசா பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நகர்த்திச் செங்குத்துச் சட்டத்துக்குள் அடக்கினார்கள். இரண்டையும் எதிக்ஸ் பாடத்தில் படித்திருக்கிறேன். அங்கே கறுப்பாக்கினார்கள், என் அட்டையில் வெளுப்பாக்கினார்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கணக்குதான்: கறுப்பு என்றால் குறை. உப்புக்காற்றிலும் வெயிலிலும் நின்று பிழைக்கிறவர் என்பதை அந்த முகம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வெளுத்த முகத்தோடு பார்த்தால் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு சோப்பு விளம்பரத்துக்கு நிற்கிற மாதிரி இருந்தது. "வாங்குறியா, வேடிக்கை பாக்குறியா?" என்ற கேள்வியும் அந்த முகத்திலிருந்து வரவில்லை.

ராப்பரை மறுபடி அடிக்க முழுப் பணமும் கேட்டார்கள். நான் மறுத்தேன். ஓனர் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள், காத்திருந்தேன். அவர் வயதானவர், அச்சுக்கோத்து அடிக்கும் லெட்டர்பிரஸ் காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். நான் அனுப்பிய மெயிலைத் தேதி, நேரத்தோடு காட்டினேன், ஆர்டர் சீட்டில் கலர் கரெக்‌ஷன் என்று எங்கேயும் எழுதவில்லை என்பதையும் காட்டினேன். கடைசியாக, காலேஜில் எடுத்த பிரின்டையும் அவர்கள் அடித்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "கேக்காம தொட்டது தப்புதான்மா. பேப்பர் காசு மட்டும் குடு" என்றார். படித்ததைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

புது ராப்பர் வருவதற்குள் சப்மிஷன் தேதி வந்துவிட்டது. டிபார்ட்மென்டில் கொடுத்தது வெளுத்த அட்டைப் பிரதிதான். ஒரு நாள் அவகாசம் கேட்டு எழுதிய லெட்டரை ஆபீஸில் வாங்கவே மறுத்துவிட்டார்கள், எச்.ஓ.டி. (துறைத்தலைவர்) கையெழுத்து வேண்டுமாம், எச்.ஓ.டி. அன்றைக்கு லீவு. வைவாவுக்குள் புது அட்டை கைக்கு வந்துவிட்டது. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) பழைய பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நானாகவே புதியதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். என்ன வித்தியாசம் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு கிரிட்டைப் பற்றியோ ஃபான்டைப் பற்றியோ ஒரு கேள்வியும் வரவில்லை, முழு நேரமும் அந்த இரண்டு முகங்களைப் பற்றித்தான் பேசினோம். எழுந்து வரும்போது, இதையே புராஜெக்ட்டாக எடுத்து விரிவாக எழுதச் சொன்னார்.

லூப் ரோட்டுக்கும் இரண்டு பிரதிகளையும் கொண்டுபோனேன். அக்கா வெளுத்த அட்டையைத்தான் முதலில் எடுத்தார். "பளிச்சுனு கீறேன்ல? இது எனக்கு" என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்துக்கொண்டார். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் உரிமை அவருக்கு இருக்கிறது. ஒரு ஆபரேட்டருக்கு அந்த உரிமை இல்லை, அந்த விஷயத்தில் என் கோபம் குறையவில்லை. ஆனால் படம் எடுத்தவருக்கு எவ்வளவு இருக்கிறது? புராஜெக்ட்டில் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

பிரஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஆர்டர் சீட்டில் "படத்தில் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது" என்று எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ராப்பருக்கு லேமினேஷன் போட்ட ப்ரூஃப் ஒன்று காசு கொடுத்தாவது எடுங்கள், அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பிரஸ் டியூப்லைட்டில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். சப்மிஷனுக்கு ஒரு வாரம் முன்பே அச்சு முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். டிபார்ட்மென்ட் ஷெல்ஃபில் இருக்கும் பிரதியின் அட்டையை மாற்றித் தரச் சொல்லி நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது, மாற்ற முடியாது என்கிறார்கள். எச்.ஓ.டி. வந்ததும் மறுபடி லெட்டர் கொடுக்கப் போகிறேன்.