ஸ்கேன் நார்மல், ஆனால் மறதி போகவில்லை

கீமோ முடிந்து ஐந்து மாதம் இருக்கும். லைனிங் துணியை விரித்து, கத்தரியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். யாருடைய ரவிக்கை என்றே தெரியவில்லை. 22 வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள் நான். பழைய வாடிக்கைக்காரர்களின் அளவை நோட்டைப் பார்க்காமலே சொல்வேன்.

எனக்கு மார்பகப் புற்றுநோய். 4 முறை சிவப்பு மருந்து, பிறகு வாரம் ஒன்றாக 12 முறை பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து. முடி கொட்டும், விரல் மரத்துப்போகும் என்றெல்லாம் முன்பே சொன்னார்கள். மறதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானாகச் சொன்னபோதும் ஒரு டாக்டர், "வயசாகுதில்லம்மா" என்றார். எனக்கு 47.

இன்னொரு டாக்டர்தான் காது கொடுத்துக் கேட்டார். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. நோய் மூளைக்குப் போயிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினார். போகிறவர்களுக்கு ஒன்று: மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கிற கீமோ போர்ட் இன்னும் உடம்பில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாலி, தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். ரவிக்கை ஹூக்கும் உலோகம்தானே! ஆயிரக்கணக்கில் ஹூக் வைத்துத் தைத்த எனக்கு அங்கேதான் அது உறைத்தது. உள்ளே அரை மணி நேரம் டமடமவென்று ஒரே இரைச்சல்.

ரிப்போர்ட் நார்மல். வீட்டில் பாயசம் வைத்தார்கள். "ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்றார் என் வீட்டுக்காரர். நோய் பரவவில்லை என்பதில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் மறதி என் கற்பனையோ என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது.

டாக்டரிடமே கேட்டேன். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் கட்டி, வீக்கம், ரத்தக்கசிவு தெரியும். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது தெரியாது என்றார். நாம் சும்மா படுத்திருக்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லையாம். அந்த நேரத்து இயக்கத்தைப் பதிவு செய்கிற ஸ்கேன் தனி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஷெல்லி கெஸ்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் அப்படிப் பதிவு செய்து, கீமோ எடுத்த பெண்கள், புற்றுநோய் வந்தும் கீமோ எடுக்காதவர்கள், நோயே இல்லாதவர்கள் என மூன்று கூட்டத்தைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கியிருக்கிறார்கள். கீமோ எடுத்தவர்களை அது கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டியது. 2013-இல் வெளியான ஆய்வு.

"அதை எனக்கும் எடுங்களேன்" என்றேன். சிரித்தார். ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 100 பேர்கூட இல்லை. கூட்டத்தைப் பிரிப்பது வேறு, ஒருத்தியின் தலையைப் பார்த்து இதுதான் என்று சொல்வது வேறு என்றார். எனக்கு அது சட்டென்று புரிந்தது. நூறு ரவிக்கையை வைத்துச் சராசரி அளவு போடலாம். அந்த அளவில் வெட்டினால் ஒருத்திக்கும் பொருந்தாது. இருந்தாலும் ஏமாற்றம்தான்.

கடைசியில் ஸ்கேன் இல்லாமல், பேப்பரும் பென்சிலும் வைத்துச் சோதித்தார்கள். கடிகாரம் வரை, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழி, ஐந்து சொல்லை ஞாபகம் வைத்துச் சொல். 30-க்கு 24 வாங்கினேன். 26 இருந்தால் சரியாம். சொன்னால் சிரிப்பீர்கள், குறைவாக வந்ததில் எனக்கு அப்படி ஒரு ஆறுதல். ரிப்போர்ட்டை வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

இப்போது ஒரு நேரத்தில் ஒரு துணிதான். ரேடியோ கிடையாது. அளவு எடுத்ததும் சீட்டெழுதித் துணியிலேயே ஊசியால் குத்திவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தேதியைக் காலண்டரிலும் எழுதி, மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.