நர்ஸிங் கோர்ஸ்ல காசு கட்ட முதல் இதக் கேளுங்க

நர்ஸிங் அசிஸ்டன்ட் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) லெவல் 4 அசஸ்மென்ட் ரிசல்ட் வந்திட்டு, கம்பிட்டன்ட், அதாவது பாஸ். இப்பதான் நிம்மதியா மூச்சு விடுறன். களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பத்துப் பக்கமிருந்து தங்கச்சிமார் நிறையப் பேர் எங்க சேருற, எது நல்லம் எண்டு கேக்குறீங்க, தனித்தனியா சொல்ல ஏலாம இருக்கு, அதான் எழுதுறன்.

முதல் விஷயம், ஒரு இடம் டி.வி.ஈ.சில (தொழிற்பயிற்சி நிலையங்களப் பதியுற அரசாங்க ஆணைக்குழு) ரெஜிஸ்டர் ஆகியிருக்கிறது வேற, அங்க நடக்குற கோர்ஸுக்கு அக்ரெடிடேசன் (அந்தக் கோர்ஸ என்.வி.கியூ தரத்துல நடத்துறதுக்கான அங்கீகாரம்) இருக்கிறது வேற. நோட்டீஸ்ல பெருசா போடுறது ரெஜிஸ்டர் நம்பரத்தான். அக்ரெடிடேசன் கோர்ஸுக்குக் கோர்ஸ், லெவலுக்கு லெவல் தனியாக் குடுக்குறது, முடியிற திகதியும் அதுல இருக்கும். என்னோட ஓ எல் படிச்ச ஒருத்தி டவுன்ல ஒரு இடத்துல முழு பீஸும் கட்டிப் படிச்சு முடிச்சா, கடைசியில அசஸ்மென்ட் எப்ப எண்டு கேக்கக்குள்ளதான் அந்தக் கோர்ஸுக்கு அக்ரெடிடேசனே இல்லயெண்டு தெரிஞ்சது. கையில கிடைச்சது அவங்கட சொந்த சேர்ட்டிபிகேட் மட்டும். அவள்ட அம்மா காப்ப அடகு வச்சுக் கட்டின காசு அது, இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது. இப்ப அவள் ஒரு பிரைவேட் இடத்துல வேலை செஞ்சு, அந்த அனுபவத்தக் காட்டி, ஆர்.பி.எல் எண்ட அனுபவத்த வச்சு அசஸ்மென்ட் செய்யுற முறை வழியா என்.வி.கியூ எடுக்கப் பாக்குறாள்.

அதால காசு கட்ட முதல் நேர்ல போய்க் கேளுங்க, போன்ல கேட்டா எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க.

- அக்ரெடிடேசன் கடிதம், கோர்ஸ் பேரும் லெவலும் திகதியும் கண்ணால பாருங்க
- ஓ.ஜே.டி (வேலைத்தளப் பயிற்சி) எந்த ஆஸ்பத்திரி, அவங்களே எடுத்துத் தருவாங்களா இல்ல நாமளே தேடணுமா
- போன பெட்ச்ல படிச்ச ரெண்டு பேர்ட்ட கதைங்க
- வி.டி.ஏ, நைட்டா எண்ட அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் ரெண்டுலயும் விசாரிச்சிட்டு மறுகா பிரைவேட்டுக்குப் போங்க

இந்தக் கோர்ஸ் முடிச்சா கவர்ன்மென்ட் நர்ஸ் ஆகலாம் எண்டு ஆராவது சொன்னா எழும்பி வந்திருங்க. அதுக்கு ஏ எல்ல சயன்ஸ் படிச்சு, வர்த்தமானியில கூப்பிடக்குள்ள போட்டு, மட்டக்களப்புத் தாதியர் கல்லூரி மாதிரி இடத்துல 3 வருஷம் படிக்கணும். கிழக்குப் பல்கலைக்கழகத்துல நர்ஸிங் டிகிரியும் இருக்கு, அது ஏ எல் இசட் ஸ்கோர் (தரப்படுத்தின புள்ளி) வழி. பயோ நல்லாச் செஞ்ச புள்ளைகள் அந்தப் பக்கமே போங்க. நம்மட லெவல் 4க்கு பிரைவேட் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், வீட்டுல நோயாளியப் பாக்குற வேலை இருக்கு, மேல லெவல் 5, 6 டிப்ளோமா.

அசஸ்மென்ட் பத்தி, செய்முறை எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கைகுடுத்தது வாய் திறந்து கதைச்சதுதான். எதச் செய்ய முதலும் பேஷன்ட்டுட்ட சொன்னன், "அம்மா, உங்கட பிரஷர் பாக்கப் போறன், கைய இப்பிடி நீட்டுங்க" எண்டு. பேஷன்ட்டா படுத்திருந்தது எங்கட பெட்ச் புள்ளதான், எண்டாலும் அம்மா எண்டுதான் கூப்பிட்டன். பெட் விரிப்பு மாத்தக்குள்ள அழுக்கு விரிப்ப உள்பக்கமாச் சுருட்டி, யூனிபோர்ம்ல படாமப் பிடிச்சு, நிலத்துல வைக்காம நேரா கூடைக்குள்ள போட்டன். அசஸர் குனிஞ்சு அதத்தான் பாத்துக்கொண்டு நிண்டார். பல்ஸ் முழு 1 நிமிஷமும் எண்ணுங்க, 15 செக்கன்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க. டெய்லி டயறிய அண்டண்டைக்கே எழுதி வார்ட் சிஸ்டர்ட்ட சைன் வாங்குங்க, மாசக் கடைசியில கொண்டு போனா ஆரும் சைன் வைக்க மாட்டாங்க.

ஜப்பான் கேர்கிவர் வேலைக்கு எண்டு சேருற ஆக்கள், அதுக்கு என்.வி.கியூ மட்டும் காணாது. எஸ்.எஸ்.டபிள்யூ (குறிப்பிட்ட திறன்) விசாவுல போறதுக்கு, ஜப்பான் பாஷை டெஸ்ட்டான ஜே.எப்.டி பேசிக் இல்லாட்டி ஜே.எல்.பி.டி என் 4, அதோட பராமரிப்புத் திறன் டெஸ்ட், பராமரிப்பு ஜப்பான் பாஷை டெஸ்ட், எல்லாம் பாஸ் பண்ணணும். பாஷைக் கிளாஸ கோர்ஸோட சேத்தே தொடங்குங்க, ஏஜென்சிக்குக் காசு குடுக்க முதல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல லைசன்ஸ் இருக்கா எண்டு பாருங்க.